வடிகால் வெட்டிய செருப்பு

காவிரி எத்தனை கிளையாகப் பிரிகிறதோ அத்தனையிலும் நான் வழுக்கி விழுந்திருக்கிறேன். குடமுருட்டியில் விழுந்தேன், அரசலாற்றில் விழுந்தேன், முடிகொண்டானில் விழுந்தேன். வெட்டாற்றில் விழுந்தபோது மிதந்துகொண்டே போய் நாகூர்க் கடற்கரையில் எழுந்து, வலை உலர்த்திக்கொண்டிருந்தவர்களிடம் ஊருக்கு வழி கேட்டுத் திரும்பி வந்தேன்.

கொஞ்சம் கூடுதல்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆறு ஒன்றே ஒன்று, அதுவும் கோடையில், கணுக்கால் தண்ணீரில். மற்றவையெல்லாம் வாய்க்கால், கிணற்றடி, பள்ளிக்கூடத்துச் சிமெண்டுத் தரை. ஆனால் ஒவ்வொரு தடவையும் காலில் கிடந்தது அடி தேய்ந்த ரப்பர் செருப்பு என்பதில் ஒரு சொல்கூடக் கூடுதல் இல்லை. விழுவதைப் பற்றி எழுத இந்தத் தகுதி போதும் என்று நினைக்கிறேன்.

எழுதப்போவது என்னைப் பற்றி அல்ல. அம்சவல்லி என்கிற அம்சக்காவைப் பற்றி.

நன்னிலத்திலிருந்து தெற்கே போகும் பஸ்ஸில் அரைமணி நேரம் போனால் எங்கள் ஊர். பஸ் ரோட்டை ஒட்டி மேலத்தெரு, அதைத் தாண்டி உள்ளே வயலுக்கு நடுவில் கீழத்தெரு. நாங்கள் கீழத்தெரு. மேலத்தெருப் பண்ணையின் நிலத்தில் நட்டு, பண்ணையின் நிலத்தில் அறுத்து, பண்ணையின் நிலத்திலேயே குடிசை போட்டுக் குடியிருந்தவர்கள். அம்சக்கா திருப்பனந்தாள் பக்கத்திலிருந்து எங்கள் தெரு உத்திராபதி மாமாவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். நடவுக்குப் போகும் முப்பது பெண்களுக்கு முன்னால் நிற்பவள். அவள் நட்ட வரிசையில் நூல் பிடித்துப் பார்த்தால் நூல்தான் கோணலாகத் தெரியும்.

உத்திராபதி மாமா ஒரு நாள் அவளுக்கு ரப்பர் செருப்பு ஒரு ஜோடி வாங்கிவந்தார். வெள்ளை அடி, நீல வார். கால் அளவு தெரியாமல், தன் சாணால் ஒரு சாண் நாலு விரல் என்று கடையில் கைகாட்டி வாங்கியது. குதிகாலுக்குப் பின்னால் இரண்டு விரல் மிச்சமிருந்தது. அதனால் அவள் நடந்தால் டப்புடப்பென்று ஒரு சத்தம் பின்னாலேயே வரும். ஆளைப் பார்க்காமலே அம்சக்கா வருகிறாள் என்று சொல்லிவிடலாம்.

அந்தச் சத்தம் மேலத்தெருவில் கேட்கக் கூடாது. அதுதான் வழக்கம். தெரு முனையில் ஒரு புங்கமரம் நின்றது. கீழத்தெருக்காரர் யாராக இருந்தாலும் அந்த மரத்தடியில் குனிந்து செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, தெருவைக் கடந்து, பஸ் ரோட்டில் ஏறிய பிறகுதான் போட்டுக்கொள்ள வேண்டும். யாரும் இதை எழுதி ஒட்டவில்லை. எங்களில் பெரும்பாலோரிடம் செருப்பே இல்லாததால் எழுதி ஒட்டும் தேவையும் வரவில்லை.

பிறகு ஆட்சி மாறியது. சுவர்களில் கறுப்பும் சிவப்பும் ஏறின, வயல்களில் செங்கொடி ஏறியது. கூலி கேட்டு அறுப்பு நின்றது. கிழக்கே ஓர் ஊரில் குடிசையோடு ஆட்கள் எரிந்துபோன சேதி வந்த பிறகு, கொஞ்ச காலம் எங்கள் தெருவில் குழந்தைகள்கூட மெதுவாகத்தான் அழுதன. அந்த மௌனம் கலைந்த நாளில்தான் சங்கத்துச் சாமிதுரை அண்ணன் கூட்டத்தில் எழுந்து சொன்னார்: "இனிமே புங்கமரத்தடியில யாரும் குனியக் கூடாது. கால்ல கெடக்கிறது கால்லயே கெடக்கட்டும்."

கூட்டம் முழுக்கக் கை தட்டியது. மறுநாள் காலை முதல் ஆளாகப் போனவள் அம்சக்கா. மார்கழிப் பனி. தெருவே பாலில் ஊறினதுபோல் இருந்தது. வீடுகள் தெரியவில்லை, கோலங்கள் மட்டும் தரையை விட்டுக் கொஞ்சம் மேலே மிதந்தன. அந்த வெள்ளைக்குள் டப்புடப்பென்று சத்தம் போனது. கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. பஸ் ரோடு வந்ததும் அம்சக்கா திரும்பி, வந்த வழியே இன்னொரு தடவை நடந்தாள். பஸ்ஸுக்குப் போகவில்லை அவள், நடக்கத்தான் போனாள்.

அன்றைக்கு அவள் மனசுக்குள் ஒரு தீர்மானம் செய்துகொண்டாள். உயிர் போனாலும் அந்தத் தெருவில் இனிச் செருப்பைக் கழற்றுவதில்லை.

உயிர் போகவில்லை. எலும்புகள்தான் போயின.

பண்ணை வீட்டு வாசலுக்கு எதிரே தெருவின் குறுக்கே ஒரு வாய்க்கால், அதன்மேல் சிமெண்டு பூசிய மதகு. வீட்டுக் குளியலறைத் தண்ணீரும் தொழுவத்துத் தண்ணீரும் அந்த மதகின் மேல் வழிந்துதான் வாய்க்காலில் விழும். வருஷம் முழுக்க ஈரம். பச்சைப் பட்டுத்துணியை நாலாக மடித்துப் போட்டதுபோலப் பாசி. வெறுங்காலோடு போன காலமெல்லாம் அதை யாரும் கவனித்ததே இல்லை. விரல்களை ஊன்றிக் கடந்துவிடுவோம். செருப்புப் போட்ட முதல் வருஷம்கூடப் பெரிய சேதமில்லை. இரண்டாம் வருஷம் ஆரம்பித்தது.

முதலில் விழுந்தவர் சாமிதுரை அண்ணன். உட்காருமிடத்தில் அடி. ஒரு மாதம், பானைக்குக் கீழே வைக்கும் பிரிமணையின் மேல் உட்கார்ந்துதான் சங்கக் கூட்டம் நடத்தினார். அடுத்து ஒரு முழங்கால், ஒரு பல், ஒரு தோள்பட்டை. அந்த ஒரு ஆவணியில் மட்டும் ஒன்பது பேர்.

"ஏண்டி மலரு, நாலு பேருதான விழுந்தோம்?"

கேட்டவள் அம்சக்காதான். இதை எழுதும்போது எதிர் நாற்காலியில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருக்கிறாள். வயது எழுபத்தெட்டு. எழுத எழுத வாசித்துக் காட்ட வேண்டும் என்பது அவள் போட்ட நிபந்தனை.

"ஒன்பதுன்னு எழுதினாத்தான் அக்கா நாலுன்னாவது நம்புவாங்க."

"அதுவும் சரிதான். கடலை வேணுமா?"

இன்றைக்கும் அவள் வீட்டுக்கு யார் போனாலும் முதல் மரியாதை செருப்புக்குத்தான். வாசலில் விட்டதைக் குனிந்து எடுத்துத் திருப்பி அடியைப் பார்ப்பாள். என்ஜினியர் மாப்பிள்ளை வந்தாலும் சரி, வங்கி மேனேஜர் வந்தாலும் சரி. "தேஞ்சு போச்சு தம்பி, இதோட பாத்ரூமுக்குப் போயிடாதீங்க" என்று சொல்லிவிட்டுத்தான் காப்பி வைப்பாள்.

அவள் விழுந்த கதைக்கு வருகிறேன். உத்திராபதி மாமா காய்ச்சலில் இறந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அவர் வாங்கித் தந்த செருப்பை அவள் மாற்றவில்லை. குதிகால் பக்கம் வெற்றிலை கனத்துக்கு வந்திருந்தது. ஒரு வார் அறுந்து ஊக்குப் போட்டிருந்தாள். சம்பா நடவுக்கு நாற்று பறிக்கப் போகிற காலையில், மதகின் நடுவில், கால் தனியாகப் போனது.

விழுகிற நேரம் எந்தக் கடிகாரத்திலும் ஏறாது என்பாள் அம்சக்கா. பண்ணை வீட்டு மாடிக் கைப்பிடியில் எத்தனை கம்பி என்று எண்ண நேரமிருந்ததாம். தலைகீழாக ஒரு கோலம், மார்கழி இல்லாவிட்டாலும் அதன் நடுவில் பூசணிப்பூ. வாய்க்கால் தண்ணீரில் வானம் ஓடியது. அந்த வானத்தில் முழங்கால்வரை இறங்கி நின்று உத்திராபதி மாமா நாற்றுமுடி வீசிக்கொண்டிருந்தார். "மெதுவா வா, ஒண்ணும் அவசரமில்ல" என்றாராம். அவள் கை நீட்டினாள். நீட்டிய கை மதகில் பட்டு மணிக்கட்டு ஒடிந்தது.

வலது கை. நடுகிற கை. அந்தச் சம்பா முழுக்க வரப்பில் உட்கார்ந்து, மற்றவர்கள் நடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வரிசை கோணலாகப் போவதைப் பார்ப்பது எலும்பு ஒடிந்ததைவிட வலித்தது அவளுக்கு.

காரணம் என்ன என்பதில் ஊர் இரண்டாகப் பிரிந்தது. மேலத்தெரு, போடக் கூடாத இடத்தில் போட்ட பாவம் என்றது. கீழத்தெரு, பண்ணையாட்கள் விடியுமுன் மதகில் விளக்கெண்ணெய் ஊற்றுகிறார்கள் என்றது. கையும் களவுமாகப் பிடிக்க இரண்டு பெண்களைக் காவல் வைத்தோம். நாலு நாள் காத்தும், பண்ணை வீட்டு மருமகள் கொட்டாவி விட்டபடி கோலம் போடுவதைத் தவிர ஒன்றும் தென்படவில்லை. எவ்வளவு சாமர்த்தியமாக ஊற்றுகிறார்கள் பார் என்று முடிவு செய்தோம்.

செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு விரல் ஊன்றி நடந்திருந்தால் ஒருவர்கூட விழுந்திருக்க மாட்டோம். சேற்றிலேயே நடை பழகிய கால்கள் எங்களுடையவை. அது தெரியாமல் இல்லை. தெரிந்துதான் விழுந்தோம்.

மறுவருஷம் ஐப்பசியில் அம்சக்காவுக்கு ஒரு காகிதம் வந்தது. தெருவில் பள்ளி இறுதி வகுப்பு முடித்தவள் நான் ஒருத்திதான் என்பதால் என்னிடம் எடுத்துவந்தாள். பண்ணை நிலத்தில் குடிசை போட்டுக் குடியிருக்கும் விவசாயக் கூலிக்கு அந்த மனை சொந்தம் என்று அப்போது ஒரு சட்டம் வந்திருந்தது. எங்கள் தெருவில் எல்லோருக்காகவும் நான்தான் மனு எழுதினேன். மற்ற மனுக்களைப் பண்ணை பெரிதாக எதிர்க்கவில்லை. அம்சக்காவுடையதை மட்டும் எதிர்த்தது. காகிதத்தில் இருந்தது இதுதான். உத்திராபதி இறந்த பிறகு அவன் மனைவி பிறந்த ஊருக்கே போய்விட்டாள், அந்த இடத்தில் இருப்பது மாட்டுக்கொட்டகை, அதற்குப் பண்ணைக் காரியஸ்தர் இராஜாங்கம் சாட்சி. வெள்ளிக்கிழமை காலை பதினோரு மணிக்கு நன்னிலம் தாலுகா ஆபீசில் அவள் நேரில் வர வேண்டும். வராவிட்டால் எதிர்த்தரப்பை மட்டும் கேட்டு முடிவு செய்யப்படும்.

அம்சக்காவிடம் அந்தக் குடிசையைத் தவிர ஒன்றும் இல்லை. குடிசைக்குள் நடக்கமுடியாத மாமியார் கண்ணாத்தாள் கிழவி இருந்தாள். இருவருக்கும் வேறு போக்கிடம் கிடையாது.

அந்த வாரம் மழை பிடித்துக்கொண்டது. வாய்க்கால் உடைத்துக்கொண்டு வயல்வெளியெல்லாம் ஒரே தண்ணீர்க்காடு. வரப்பு எங்கே என்றே தெரியாததால் சுற்றுவழி இல்லை. மேலத்தெருவும் மதகும்தான் பாதை. எட்டரை மணி பஸ்ஸை விட்டால் அடுத்தது உச்சிக்குத்தான்.

"அடி அம்சம், ஒரு நாளு, ஒரே ஒரு நாளு கையில எடுத்துக்கிட்டுப் போயேண்டி" என்றாள் கண்ணாத்தாள். "மனை கெடச்சப்புறம் தூங்கறப்பகூடப் போட்டுக்கிட்டுத் தூங்கு, யாரு கேக்கப்போறா?"

"கழட்டுனா அந்த இராஜாங்கம் பாத்துக்கிட்டு நிப்பாரு, அத்தை."

"பாத்தா என்ன, ஒன் காலு தேஞ்சா போயிடும்?"

"அவரும் அதே பஸ்ஸுலதான் வர்றாரு. செருப்பக் கையில தூக்கிக்கிட்டுப் போறவ, அவரு முன்னால நின்னு மனை என்னுதுன்னு எந்த வாயால சொல்றது?"

"விழுந்தியன்னா பஸ்ஸு போயிரும்."

"விழ மாட்டேன்."

"போன வருசமும் இதத்தான் சொன்ன. ஒன் கையிக்கு நான்தான் பத்துப் போட்டேன்."

அம்சக்கா ஒடிந்து கூடிய மணிக்கட்டை மடக்கி நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வியாழக்கிழமை மதியம் மீரா உசேன் பாய் வந்தார். சைக்கிளின் முன்னும் பின்னும் செருப்பைத் தோரணம்போலக் கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போகிறவர். தலையில் யூரியா சாக்கை முக்காடுபோல மடித்துக் கொங்காணியாகப் போட்டிருந்தார். மழைக்குள்ளிருந்து அவர் வருவது, செருப்புகள் மட்டும் பறந்துவருவதுபோல் இருந்தது.

"பாய், என் அளவுக்கு ஒண்ணு குடுங்க, அவசரம்."

"மழையில சரக்கு வரல தாயி. இருக்கிறது பூரா ஆம்பள அளவு. இதப் போட்டா நீ முன்னால போவ, செருப்பு பொறத்தால வரும். வேணாம்." அவள் காலடியைப் பார்த்தார். "அதக் கழட்டு, பாப்போம்."

கழற்றித் தந்தாள். அவர் திருப்பிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"இதப் போட்டுக்கிட்டா அந்த மதகுல நடக்குற?"

"ஏன் பாய்?"

"அடியப் பாரு. தோசைக்கல்லு கணக்கா இருக்கு. புதுசுல கோடுகோடா இருந்துச்சா இல்லையா?"

"அழகுக்குப் போட்டுருக்காங்கன்னு நெனச்சேன்."

"அழகுக்கா!" பாய் சைக்கிளை மரத்தில் சாய்த்துவிட்டு வந்தார். "வயல்ல வடிகா எதுக்கு வெட்டுறீங்க, அழகுக்கா? காலு அழுத்துறப்ப அடியில தண்ணி மாட்டுது. அது வெளிய போவ வழி வேணும். கோடு இருந்தா ஓடிடும். இல்லன்னா அங்கயே நிக்கும். இதப் போட்டுக்கிட்டு நீ தரையில நடக்கல தாயி, தண்ணி மேல நடந்துக்கிட்டிருக்க."

அம்சக்கா செருப்பை வாங்கி மழையில் நீட்டிப் பிடித்தாள். துளிகள் அந்த வழவழப்பில் விழுந்து, போக இடமின்றி, ஒன்றோடொன்று சேர்ந்து சின்னக் குளமாகத் தேங்கின. பிறந்ததிலிருந்து வடிகாலில் நின்றவள். எந்த வயலில் தண்ணீர் எந்த மூலையில் நிற்கும் என்று மேலிருந்து ஒரு பார்வையில் சொல்லக்கூடியவள். முதலில் அவள் தோள் குலுங்கியது, பிறகு உடம்பு முழுக்கக் குலுங்கியது. சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"அப்ப வெளக்கெண்ண?"

"எந்த வெளக்கெண்ண?" என்றார் பாய்.

அவர் புது வார் ஒன்றைக் கோத்துக் கொடுத்துவிட்டு, "புதுசு வர்றவரைக்குந்தான் இது, ஏமாந்துடாத" என்று எச்சரித்துவிட்டுப் போனார். அம்சக்கா கூரையில் செருகியிருந்த கருக்கரிவாளை உருவினாள். கதிர் அறுக்கிற அந்தப் பல் வைத்த அரிவாளின் நுனியால், செருப்பின் அடியில், நடுவே நீளமாக ஒரு வடிகால் கீறினாள். அதிலிருந்து இரண்டு பக்கமும் சாய்வாகக் கிளை வாய்க்கால்கள், விளிம்புவரை. பின்னால் நீட்டிக்கொண்டிருந்த இரண்டு விரல் மிச்சத்தை அறுத்தெறிந்தாள். அவள் மடியில் கவிழ்ந்து கிடந்த அந்தச் செருப்பைப் பார்த்தபோது, வானத்தில் போகிற கொக்குக்கு நம் நாடு எப்படித் தெரியுமோ அப்படி இருந்தது எனக்கு. கிணற்றடிக் கல்லில் துணி துவைக்கிற சவக்காரத்தைக் கரைத்து ஊற்றி அதன்மேல் நடந்து பார்த்தாள். காலைத் தேய்த்துத் தேய்த்து, அழுத்தி அழுத்திப் பார்த்தாள். கண்ணாத்தாள் கிழவி உள்ளேயிருந்து, "உசுரோட இருக்கியாடி?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

வெள்ளிக்கிழமை காலை. மழை நின்றிருந்தது, ஆனால் காற்றிலேயே தண்ணீர் இருந்தது. மூச்சு விட்டால் மூக்கு நனையும். நானும் அம்சக்காவும் புறப்பட்டோம். புங்கமரத்தடியில் நான் நின்று அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் மரத்தைக்கூடப் பார்க்கவில்லை.

பண்ணை வீட்டு வாசலில் இராஜாங்கம் குடையோடு நின்றிருந்தார். வெள்ளை வேட்டி, ஆபீசுக்குப் போவதற்கென்று புதுத் தோல் செருப்பு.

"என்ன அம்சம், கழட்டலியா? ராத்திரி மழையில பாசி இன்னும் நல்லா வளந்திருக்கு."

"வளரட்டுமே. ஒங்க ஊட்டுத் தண்ணி குடிச்சுத்தான வளருது."

மதகில் கால் வைத்தாள். டப்பென்ற சத்தம் இல்லை. ஈரச் செருப்பு பாசியில் அழுந்தும்போது, வடிகால் திறந்துவிட்டதுபோல, விளிம்பெல்லாம் மெல்லிய சலசலப்பு மட்டும் கேட்டது. ஒரு அடி, இரண்டு அடி. எனக்கு ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டதுபோல் இருந்தது. தண்ணீரில் வானம் நின்றுவிட்டது. அன்றைக்கு அந்த மதகு ஒரு காததூரம் நீண்டது. அவள் அதன் நடுவில், பனிக்குள், எதன்மேலும் படாமல் நடப்பவள்போல் போய்க்கொண்டே இருந்தாள். பிறகு அக்கரை வந்தது. வந்ததும் திரும்பி என்னைப் பார்த்து, "வாடி, பஸ்ஸு" என்றாள். நான் வெறுங்காலோடு வந்திருந்தேன். அதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

ரோட்டுப் பக்கம் பஸ் ஹாரன் கேட்டது. இராஜாங்கம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், மதகைப் பார்த்தார், வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வேகமாக இறங்கினார். புதுத் தோலின் அடி கண்ணாடிபோல இருந்திருக்க வேண்டும். இரண்டாவது அடியில் குடை மட்டும் தனியாக வானத்துக்குப் போனது. அவர் அங்கேயே தங்கிவிட்டார்.

எழுந்திருக்கப் பார்த்தார், முடியவில்லை. வலது கணுக்கால் ஒரு பக்கமாகத் திரும்பியிருந்தது. வீட்டு ஆண்கள் விடியற்காலையிலேயே உடைப்பு அடைக்கப் போயிருந்தார்கள். பெண்கள் நிலைப்படியைத் தாண்டி வரவில்லை.

"அக்கா, வா போவலாம்" என்று அவள் புடவையை இழுத்தேன். "சாட்சி வரலன்னா மனை நமக்குத்தான். தானா வந்த அதிர்ஷ்டம்."

அம்சக்கா பஸ் வரும் பக்கம் பார்த்தாள். விழுந்து கிடந்தவரைப் பார்த்தாள். தன் மணிக்கட்டைத் தடவிக்கொண்டாள். பிறகு மதகில் ஏறித் திரும்பிப் போனாள்.

"எந்திரிங்க."

அவர் அவள் நீட்டிய கையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அதுவரை அந்தத் தெருவில் யாரும் அந்தக் கையைத் தொட்டதில்லை.

"நீயா தூக்கப்போற?"

"வேற யாரு இருக்கா? மொதல்ல அந்தச் செருப்பக் கழட்டுங்க."

"என்னது?"

"செருப்பக் கழட்டிக் கையில புடிச்சுக்குங்க. அதோட நடந்தா ரெண்டு பேரும் விழுவோம்."

கழற்றினார். புதுச் செருப்பு இரண்டையும் ஒரு கையில் பிடித்துக்கொண்டு, மறுகையை அம்சக்காவின் தோளில் போட்டு, வெறுங்காலோடு நொண்டி நொண்டி மேலத்தெரு முழுக்க நடந்துவந்தார் பண்ணைக் காரியஸ்தர் இராஜாங்கம். பக்கத்தில் ரப்பர் செருப்போடு அம்சக்கா. கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. அவள் முகத்தில் சிரிப்பில்லை. "பாத்து, இங்க பள்ளம்", "மெதுவா வைங்க" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். கண்டக்டர் இறங்கிவந்து, இது யார் யாரைக் கூட்டிவருகிற ஊர்வலம் என்று புரியாமல், பஸ்ஸை நிறுத்தி வைத்தார்.

நன்னிலத்தில் இறங்கியதும் ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றாள் அம்சக்கா. அவர் ஒப்புக்கொள்ளவில்லை. "மொதல்ல ஆபீசு. சாட்சி சொல்லாமப் போனா பண்ணை என்னைத் தொலைச்சிடும்" என்றார். ஆக, தனக்கு எதிராகச் சாட்சி சொல்ல வந்தவரைத் தாசில்தார் அறைவரை தாங்கிக்கொண்டு போய், நாற்காலியில் உட்காரவைத்து, குடிக்கத் தண்ணீரும் வாங்கிக்கொடுத்தவள் உலகத்திலேயே அம்சக்கா ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

அறைக்குள் நடந்ததைக் கேளுங்கள். இராஜாங்கம் ஒற்றைக்காலில் எழுந்து நின்றார். ஜன்னல் வழியாக ஐந்து நாள் காணாத வெயில் வந்து அவர் தலைமேல் விழுந்தது. கண்ணீர் தாரையாக ஓட, எழுதிக்கொண்டுவந்த காகிதத்தை நாலாகக் கிழித்தார். "அய்யா, இந்தத் தாய் இந்த ஊரை விட்டு ஒரு நாளும் போனதில்லை. அது மாட்டுக்கொட்டகை இல்லை, மனுஷி வாழும் வீடு" என்று குரல் நடுங்கச் சொன்னார். தாசில்தாரும் எழுந்து நின்றார், குமாஸ்தாக்களும் எழுந்து நின்றார்கள். தைமாதம் பட்டா வந்தது.

"ஏ மலரு, நிறுத்து." வேர்க்கடலைத் தோலை மடியிலிருந்து தட்டிவிட்டாள் அம்சக்கா. "பட்டா வந்தது நெசம். மத்தத அடி. நீதான் வெளிய பெஞ்சில உக்காந்திருந்தியே, ஒனக்கு எங்க கேட்டுச்சு? அவரு காயிதத்தையும் கிழிக்கல, அழுவவும் இல்ல. சொல்லிக்குடுத்தத அப்படியே ஒப்பிச்சாரு. புருசன் செத்ததும் அந்தம்மா திருப்பனந்தாளுக்குப் போயிடுச்சுங்க, மூணு வருசமா இந்தப் பக்கமே காணும், அங்க இருக்குறது மாட்டுக்கொட்டாயின்னு. நான் நின்னு கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன், என் பேர இன்னும் கூப்பிடல. ஆபீசரு அவரு காலு வீங்கியிருக்கிறதப் பாத்துட்டு, அய்யய்யோ, இதோட எப்படி வந்தீங்க, யாரு கூட்டியாந்ததுன்னு பாவமாக் கேட்டாரு. இவரு என்னையக் கை காட்டி, 'இந்தப் பொண்ணுதாங்க, தெனம் காலையில எங்க வாசல் வழியாத்தான் கீழத்தெருவுலேருந்து வேலைக்குப் போவும், இன்னிக்கும் வந்துச்சு, அதனால பொழச்சேன்'னாரு. ஆபீசரு என் பேரக் கேட்டாரு, சொன்னேன், ஊர விட்டுப் போயிட்டான்னு காயிதத்துல இருந்த அதே பேரு. அவ்வளவுதான், பேனாவ மூடி வச்சுட்டாரு. வலியில வாயில வந்துடுச்சா, தெரிஞ்சேதான் சொன்னாரான்னு நானும் கேக்கல, சாவுற வரைக்கும் அவரும் சொல்லல."